தலையாட்டிச் சொன்ன சாட்சி

ஐயர் பிரசங்கத்தை மூன்று காரியங்களாகப் பிரித்துக்கொண்டார். சபைப் போதகரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள், இந்த ஐயருக்கு எப்போதும் மூன்றுதான், இரண்டோடு விட்டதாகச் சரித்திரமில்லை, நாலுக்குப் போனதுமில்லை. அதனால் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அருமைநாயகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்கடிகாரம் தேவைப்படாது. காரியம் ஒன்றுக்கு எட்டு நிமிஷம், மூவெட்டு இருபத்துநாலு, முடிவில் குட்டியாக ஒரு ஜெபம், உடனே அவன் காணிக்கைப் பாட்டுக்குச் சுருதி கொடுக்க வேண்டும். இன்றைக்கு அப்படியில்லை. இன்றைக்குப் பாடகர் ஞாயிறு. பிரசங்கம் முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் சகோதரர் அருமைநாயகம் சாட்சி சொல்வார் என்று ஆராதனைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதரை வருஷத்தில் எத்தனையோ மேடையில் சொன்ன சாட்சிதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும், எந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினால் பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் பெண்கள் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பெஞ்சில், தூணை ஒட்டி, பேச்சிமுத்துவின் மகள் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாம் மணி அடிக்கும்போது வந்தாள். வாசலில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், துப்பட்டாவைத் தலையில் போட்டிருக்கிறாள், அது நழுவி நழுவி விழுகிறது, அவளும் எடுத்து எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். முதலாவது காரியம் என்றார் ஐயர்.

செண்பகம் என்று வியாழக்கிழமை போனில் சொன்னபோது அவனுக்கு ஒரு நொடி யாரென்று பிடிபடவில்லை, செண்பகம் என்றால் ஒன்பது வயசு, முன்பல் ரெண்டு கிடையாது, அப்பாவின் உறுமியைத் தொடக்கூடாது என்று சொன்னால் தொட்டுவிட்டு ஓடுகிற பிள்ளை, அது எப்படிப் போன் பேசும். "மாமா, நான் பேச்சிமுத்து மக செண்பகம். நர்சிங் படிக்கேன். உங்க சாட்சியக் கேட்டேன் மாமா." எங்கே கேட்டாய் என்று அவன் கேட்டான், வேறு என்ன கேட்பது. விடுதியில் கூடப் படிக்கிற பிள்ளை ராத்திரி ஜெபத்துக்கு வீடியோ போட்டாளாம், மதுரைக் கூட்டத்தில் எடுத்தது, நாலு லட்சம் பேர் பார்த்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறது இந்தப் பிள்ளை, அப்பாவின் பெயர் வருகிறதே என்று ஆசையாக, முழுசாகப் பார்க்காமலேயே. "அம்மா ஒண்ணும் சொல்லல மாமா. மறுநா காலைல அப்பா படத்தக் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சிட்டா. பொங்கலுக்குக்கூட வெளிய எடுக்கல. அன்னைக்கு வண்டியில அப்பா குடிச்சிருந்தாங்களா மாமா? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க." சத்தம் போடவில்லை, அழவில்லை, ஊசி போடுமுன் நோயாளியிடம் பெயர் கேட்பதுபோலக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாம்மா, பேசுவோம் என்றான். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அந்த வீட்டு வாசலை மிதிக்காதவன், அந்தப் பிள்ளையை மூன்று பஸ் மாறி வரச் சொல்கிறான். பெரிய மனுஷன்தான். போனை வைத்தபிறகுதான் நினைவு வந்தது, ஞாயிறு பாடகர் ஞாயிறு, அன்றைக்குத்தான் சாட்சி.

ஐயர் இசை என்பது வரம் என்றார். வரமோ என்னவோ, ஏழரை என்று பெயர் வைத்தது பேச்சிதான். குழுவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஆறு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, எங்க ஐயா என்னப் பாத்தாலே ஏழரைன்னுதான் சொல்வாரு, அதையே வைங்கல என்றான், வைத்துவிட்டார்கள். பின்னால் சாட்சியில் அந்தப் பெயர் நன்றாக உதவியது, என்னைப் பிடித்திருந்த ஏழரையிலிருந்து விடுதலையானேன் என்று அவன் சொல்லும் இடத்தில் எந்த ஊரிலும் சிரிப்பு வரும். கிடார் ரெண்டு, டிரம்ஸ், பம்பை, பாட்டுக்கு அருமைநாயகம், உறுமிக்குப் பேச்சிமுத்து. கோவில் கொடை விழாவில் சாமி வரவைக்கிற உறுமி எலெக்ட்ரிக் கிடாரோடு சேர்ந்தால் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சாமி வந்தது. பெங்களூர், கொச்சி, புனே, ஒருதடவை கொழும்பு. பாட்டு முடிந்தும் அவன் குரலை விடாமல் நீட்டிக்கொண்டிருப்பான், கைதட்டல் வரும்வரை விடமாட்டான், பேச்சி வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துக்கொண்டே போதும்ல என்று கண்ணால் சொல்வான். நிகழ்ச்சி முடிந்தால் மற்றவர்கள் பாட்டில் திறப்பார்கள், அருமைநாயகமும் திறப்பான், பேச்சி மட்டும் பரோட்டாவோடு ஓரமாக உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான். அவன் அப்பா குடித்தே செத்தவர், ரத்த வாந்தி எடுத்ததைப் பதிமூன்று வயசில் பார்த்தவன், அன்றைக்கே முடிவுசெய்துவிட்டான். அவன் மனைவி வெயிலாச்சியின் வீட்டில் பெண் கொடுத்ததே அதற்காகத்தான், மேளக்காரன்தான், ஆனால் குடிக்காதவன் என்று. கல்யாணப் பந்தியில் அவளுடைய தாய்மாமன் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டது அருமைநாயகத்துக்கு இப்போதும் காதில் இருக்கிறது, ஏன் இருக்கிறது, எத்தனையோ மறந்துபோனது, இது மட்டும் ஏன் மறக்கவில்லை. வெயிலாச்சி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. அவள் இப்போது என்ன நினைத்திருப்பாள், ஊர் ஊராகப் போனவன் நம்மை ஏமாற்றியிருக்கிறான், போனில் பேசும்போதெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு பேசியிருக்கிறான் என்று.

இரண்டாவது காரியம். பெஞ்சுகளில் ஒரு அசைவு, இருமல்கள், கைக்குழந்தை ஒன்றை வெளியே தூக்கிப்போகிறார்கள். பாடகர் குழுவின் ஆல்டோ வரிசையில் பியூலா, அவன் மனைவி, மடியில் பாட்டுத்தாளை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், பயப்படாதீர்கள் என்கிற மாதிரி. அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, அதுதான் அதில் உள்ள வசதி, அதுதான் அதில் உள்ள பாரம். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி, வெயிலென்றால் அப்படி ஒரு வெயில், குழுவின் வேனை டீக்கடையில் நிறுத்தினார்கள். அதுவரை டிரம்ஸ்காரன் ஓட்டினான், அதற்குமேல் பேச்சியின் முறை, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பின்னால் நாலுபேரும் ஏறின உடனே தூங்கிவிட்டார்கள். பேச்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏல அரும, காலைலேருந்து ஒரு தாளக் கணக்கு மண்டைக்குள்ள ஓடுது, ஏழுல போயிட்டு எட்டுல விழுது, சரியாவே அமையமாட்டேங்கு என்றான். அவன்தான், அருமைநாயகம்தான், சாவியை வாங்கினான். நீ தட்டு, நான் ஓட்டுதேன். பேச்சி முன்னால் உட்கார்ந்து டேஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டு வந்தான், இவன் அதன்மேல் ஒரு ராகத்தை முனகிக்கொண்டு வந்தான், ஐந்தாவது தட்டில் பேச்சியின் மோதிர விரல் ஒரு சின்னத் திருப்பம் போட்டது, அது எப்படி விழுகிறது என்று பார்க்க இவன் தலையைத் திருப்பினான். விரலைத்தான் பார்த்தான். எவ்வளவு நேரம் இருக்கும், ஒரு ஆவர்த்தம், ரெண்டு ஆவர்த்தம். திரும்பும்போது முன்னால் பழுதாகி நின்ற லாரி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல் கூடத் தெரிந்தது. கல்லின் மேல் யாரோ சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஐந்தாவது தட்டு, மோதிர விரல், சிவப்புத் துணி. திரும்ப ஐந்தாவது தட்டு. இந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் முன்கண்ணாடி வழியாக ரெண்டு பேரையும் இழுத்து ரோட்டில் பக்கம்பக்கமாகக் கிடத்தியிருக்கிறார்கள். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு சரி. யார் ஓட்டினது என்று போலீஸ் கேட்டிருக்கிறது, பேச்சிமுத்து என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை, பேச்சியின் முறைதானே. மூன்றாம் நாள் இவன் கண்ணைத் திறந்தபோது டிரம்ஸ்காரன் கட்டிலோரம் நின்று, பேச்சி போயிட்டான்டா, கண்ணசந்துட்டான் போல என்றான். இவன் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். கண்ணை மூடினது குற்றமா, வலியில் கிடக்கிறவன் கண்ணை மூடமாட்டானா. பிறகு திறந்தபோது போலீஸ் எல்லாம் எழுதி முடித்திருந்தது. வலக்கை எலும்பு சேர்ந்து மைக் பிடிக்கப் பத்து மாசம், ஏழரை அதற்குள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டது, அவன் அம்மா வீட்டில் படுத்துக்கிடந்தான், ஒருவரும் தேடி வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அம்மாதான் கன்வென்ஷன் கூட்டத்துக்கு இழுத்துப்போனாள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் இவன் யாரென்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு மேடைக்குக் கூப்பிட்டார். இவன் ஒரே வாக்கியம்தான் சொன்னான், கூட இருந்த நண்பன் செத்துப்போனான், நான் பிழைத்தேன். பிரசங்கியார் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "வண்டி ஓட்டுன அந்தத் தம்பி குடிச்சிருந்தானா?" என்றார். கேள்விக்குள் ரெண்டு கேள்வி. ஓட்டினது அவன் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் குடியைப் பற்றிச் சொல்ல முடியும், அவர் மைக்கை இவன் வாயருகே நீட்டிக்கொண்டிருக்கிறார், மூவாயிரம் பேர் பார்க்கிறார்கள். இவன் தலையை ஆட்டினான். ஐயோ என்று ஒரு பெருமூச்சு மைதானத்திலிருந்து எழுந்தது, அது அடங்குமுன்னே ஸ்தோத்திரம் என்று ஒரு குரல், பத்து குரல், மூவாயிரம் குரல். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஒன்றரை வருஷமாகக் கைதட்டல் கேட்காத உடம்பு. அந்தச் சூட்டைப் பரிசுத்த ஆவி என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் அப்படியே நம்பினான், நம்ப ஆசைப்பட்டான்.

அதற்குப் பிறகு தலையாட்டலுக்குக் கை கால் முளைத்தது. முதலில் குடித்திருந்தான் என்பதோடு நின்றது. பிறகு அன்றைக்குக் காலையிலிருந்தே என்று வந்தது. நாகர்கோவிலில் ஒரு கூட்டத்தில் ஏதோ வேகத்தில், ஓட்டாதே என்று நான் தடுத்தேன் என்று வாயில் வந்துவிட்டது, அது நன்றாக எடுபட்டதால் அங்கேயே தங்கிவிட்டது. பெயரைச் சொல்லாமல்தான் ஆரம்பித்தான், மதுரையில்தான் பெயரும் வந்தது. பொய் சொல்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் உறைத்ததா என்றால் இல்லை, பாட்டுக்குச் சங்கதி சேர்ப்பது மாதிரிதான் இருந்தது, பாடப் பாடத்தானே சங்கதி சேரும். அவன் சாட்சியைக் கேட்டு எத்தனையோ வீட்டில் ஆண்கள் குடியை விட்டார்கள், அது நிஜம், அவர்களுடைய மனைவிமார் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது நிஜம், அதையெல்லாம் எந்தக் கணக்கில் வைப்பது. பியூலாவே சாயர்புரம் கூட்டத்தில் சாட்சியைக் கேட்டுவிட்டுத்தான் இவரைத்தான் கட்டுவேன் என்று அவள் அப்பாவிடம் சொன்னவள். அந்தச் சாட்சியை எடுத்துவிட்டால் அவளுக்குக் கையில் என்ன மிஞ்சும், சுருதி பிசகாமல் பாடுகிற, சர்க்கரை வியாதியுள்ள, நாற்பத்துமூன்று வயசு ஆள் ஒருவன். இந்தக் குழு, கீபோர்டு, புதன்கிழமைப் பயிற்சி, அவன் மெட்டுப்போட்டு மற்றச் சேகரத்துச் சபைகளிலும் பாடுகிற பாட்டுகள், எல்லாம் அந்த ஒரு தலையாட்டலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவன் பாடகர் குழுவை உண்மையாக நேசித்தான். முப்பது தொண்டை சேர்ந்து ஒரே மூச்சில் ஒரு சுருதியைப் பிடிக்கும்போது அவனுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கவில்லை. அங்கே மட்டும்தான் அவன் பொய்யில்லாமல் இருந்தான். அதுவும் போய்விடும்.

மூன்றாவதாகவும் கடைசியாகவும் என்றார் ஐயர். எட்டு நிமிஷம். வயிற்று வலி என்று எழுந்து போய்விடலாம். சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம், விபத்தைத் தொடாமலே, தேவன் நல்லவர், பாடகர் குழுவுக்கு ஜெபியுங்கள், அவ்வளவு. அந்தப் பிள்ளையிடம் வெளியே வேப்பமரத்தடியில் தனியாகச் சொல்லலாம், இல்லம்மா, உங்க அப்பா குடிக்கல, நான் தப்பாச் சொல்லிட்டேன். அப்போது அவள், அப்படியென்றால் வீடியோவில் ஏன் அப்படி என்று கேட்பாள். சரி, குடிக்கவில்லை என்பதைச் சொல்லலாம், ஓட்டினதை விட்டுவிடலாம், கண்ணசந்துவிட்டான், யாருக்கும் நடப்பது. பாதி உண்மை போதாதா. இருபது வயசுப் பிள்ளைக்குப் பாதி போதும். இப்படி நினைத்ததும் அவனுக்கு உறைத்தது, செத்தவனிடம் பேரம் பேசுகிறான். அவள் துப்பட்டா மறுபடி நழுவியது, இந்தத் தடவை அவள் எடுத்துப் போடவில்லை, அப்படியே விட்டுவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். பேச்சியின் நெற்றி. நெற்றி மட்டும் அப்படியே. பயமாக இருந்தது, வெறும் பயம், இருட்டில் பிள்ளைகள் பயப்படுவது போன்ற பயம், நாற்பத்துமூன்று வயசில். ஜெபம் செய்வோம் என்றார் ஐயர். எல்லோரும் தலைகுனிந்தார்கள். அவன் குனியவில்லை, அவளும் குனியவில்லை, அவளுக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே. அவ்வளவு பெரிய கோயிலில் ரெண்டு பேர் மட்டும் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமென்.

மைக் முன்னால் போய் நின்றான். தாளில் எழுதிவைத்திருந்ததை எடுக்கவில்லை. "அன்னைக்கு வண்டி ஓட்டுனது நான்," என்றான். "பேச்சிமுத்து இல்ல. அவன் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவன் தாளத்தப் பாக்கத் திரும்புனேன், லாரில விட்டுட்டேன். இத்தன வருஷமா நான் சொன்னது பொய்." பாதியிலேயே முன்வரிசையிலிருந்து ஒரு ஸ்தோத்திரம் எழுந்தது. பாவத்தை அறிக்கை செய்கிற மனுஷன், சாட்சிக்குள் சாட்சி, இதைவிடப் பெரிய சாட்சி உண்டா. ஆண்கள் பக்கம் ஒருவர் கைதட்டினார், அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது, கோயில் முழுக்க ஸ்தோத்திரம் நிறைந்து கூரையில் முட்டியது, அவனுடைய கடைசி வாக்கியம் அவனுக்கே கேட்கவில்லை. ஐயர் பீடத்தருகே கண்ணீரோடு கையை உயர்த்தினார். அவன் உடம்பு சூடானது. அதே சூடு. இதற்குமா என்று நினைத்தான், இதற்குமா இந்த உடம்பு குளிர்காய்கிறது.

செண்பகம் எழுந்து நடுப்பாதைக்கு வந்தாள். கையில் போன் இருந்தது, அதன் திரை எரிந்துகொண்டிருந்தது. கைதட்டினவர்கள் அவளைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள், ஒரு பெண்ணுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, முன்னால் வருகிறாள் என்று சிலர் நினைத்திருக்க வேண்டும். அவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். "மாமா," என்றாள். "அம்மா லைன்ல இருக்கா. இவங்க சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் கேக்கலயாம். எல்லாரையும் சத்தம் போடாம இருக்கச் சொல்லிட்டு இன்னொருக்க சொல்லுங்க." கோயில் அடங்கியது. அவன் மைக்கை விட்டுவிட்டு இறங்கினான். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போகும்போது பியூலாவின் வரிசையைக் கடந்தான், அவள் மடியிலிருந்த பாட்டுத்தாள் தரையில் கிடந்தது, அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. செண்பகம் போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் வாயருகே நீட்டினாள். முன்பு ஒருத்தர் மைக்கை நீட்டியபோது தலையை ஆட்டினாற்போல் இதற்கு ஆட்ட முடியாது, போனில் தலையாட்டல் போய்ச் சேராது. "தங்கச்சி, நான் அருமை பேசுதேன்," என்றான். "பேச்சி குடிக்கல. ஓட்டுனது நான். என்னாலதான் போனான்." இந்தத் தடவை யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு வெயிலாச்சியின் குரல், கோபமில்லாமல், களைத்துப்போய், கோயிலில் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"இதச் சொல்ல ஒரு நா வீட்டுக்கு வந்திருக்கலாமேண்ணே."